சேகரத்து ஐயர்

மெஞ்ஞானபுரம் கிறிஸ்தவக் கோவிலின் 192 அடிக் கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்கென்னவோ, அந்தத் தேரிக்காட்டு ஊர்களில் டிவிஎஸ் 50-இல் திரியும் பாதிரியார், அதாவது சேகரத்து ஐயர்தான் பார்க்க வேண்டியவர். ஒரே ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகள் சேர்ந்ததுதான் சேகரம்; ஒரு சேகரத்துக்குப் பல ஊர்கள். ஞாயிறு காலை ஓர் ஊரில் ஆராதனையை முடித்து, வியர்வையில் நனைந்த அங்கியைப் பையில் திணித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓட்டம். காணிக்கையோடு கைப்பிடி அரிசியும் வரும். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது கேட்க ஆளில்லாத கோழியை எடுப்பது பெரும்பாலும் ஐயரம்மாதான். (ஐயரின் சம்பளம் ஊருக்கே தெரியும், அது வேறு.) ஐயர் குடியிருக்கும் குருமனை வாசலில் செருப்பில்லாத நேரமே கிடையாது: ஞானஸ்நானச் சான்று, வரப்புத் தகராறு, காலேஜ் சீட்டுக்குச் சிபாரிசுக் கடிதம். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதற்கு நடுவில்தான். சில வருஷத்தில் மாற்றல் வரும். பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் தேட வேண்டும்.