வாசலில் கேட்ட குரல்

போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் 1961இல் வெளியிட்ட 'சொலாரிஸ்' நாவலை விஞ்ஞானப் புனைகதை என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் நம்மில் அதிகம். நானும் கனகாலம் அப்படித்தான் வைத்திருந்தேன். இப்போது வாசிக்கையில், பெண்சாதியை மவுத்துக்குக் கொடுத்த ஓர் ஆம்பிளையின் கதையாகவே அது எனக்குப் படுகிறது.

கெல்வின் ஓர் உளவியலாளன். ஒரே சமுத்திரத்தால் மூடப்பட்ட சொலாரிஸ் என்ற கோளை ஆராயும் நிலையத்துக்கு வருகிறான். அந்தச் சமுத்திரத்துக்கு உயிர் உண்டு, ஏதோ ஒருவகை அறிவும் உண்டு. தூங்கி எழும்பிப் பார்க்கிறான். பத்து வருஷத்துக்கு முன் தற்கொலை செய்துகொண்ட மனைவி ஹாரி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். சமுத்திரம் அவன் மனத்திலிருந்து எடுத்துச் செய்து அனுப்பிய உரு அது. அவள் உடுப்பில் பொத்தான் இருக்கிறது, ஆனால் அலங்காரத்துக்கு மட்டும். வெட்டித்தான் கழற்ற வேண்டியிருக்கிறது. நாவல் முழுவதிலும் என்னை நிறுத்திய இடம் இதுதான். அவனுடைய ஞாபகத்தில் உள்ளதுதானே உருவாகி வரும்? உடுப்பின் அழகை ஞாபகம் வைத்தவன், அதை அவள் எப்படி உடுத்தாள் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. லெம் இதை விளக்கவில்லை, பொத்தானைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

முதலில் பயத்தில் அவளை ரொக்கெட்டில் அடைத்து வெளியே ஏவிவிடுகிறான். மறுபடியும் ஒருத்தி வருகிறாள். இவளைத்தான் அவன் நேசிக்கத் தொடங்குகிறான். ஆனால் 'நான் அந்த ஹாரி இல்லை' என்று அவளுக்கு மெல்ல விளங்கிவிடுகிறது. கதை அங்கிருந்து அவளுடையதாகிறது.

இந்தக் கதையை ஒரு மௌலவி நண்பருக்குச் சொன்னேன். "அது ஜின்தான் சேர். பர்ஸக்கிலிருந்து ஆரும் திரும்பி வாறல்ல" என்றார். 'முஃமினூன்' அத்தியாயத்தின் 100ஆம் வசனத்தை நினைத்துத்தான் சொன்னார். சரியான பேச்சு. மனிதர் ஜின்னை மணப்பது பற்றி 14ஆம் நூற்றாண்டிலேயே பத்ருத்தீன் ஷிப்லீ 'ஆகாமுல் மர்ஜான்' நூலில் விவாதித்திருக்கிறார். ஆனால் வந்தவள் செத்தவள் அல்ல என்பதில் லெமுக்கும் மௌலவிக்கும் தகராறே இல்லை. வந்தவளை அவன் என்ன செய்தான் என்பதுதான் நாவல்.

அரபுக் கவிதையில் 'தைஃபுல் கயால்' என்று ஒரு மரபு உண்டு. பிரிந்த காதலியின் நிழலுரு இரவில் வந்துபோகும். 1044இல் காலமான ஷரீஃப் முர்தளா இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். பாலைவனத்தை இவள் தனியே எப்படிக் கடந்தாள் என்று கவிஞர்கள் வியப்பார்கள். கண் விழித்தால் அவள் போய்விடுவாள். ஹாரி போகமாட்டாள். பகலிலும் இருக்கிறாள், கேள்வி கேட்கிறாள். கனவைப் பாடுவது லேசு, அது பதில் பேசினால்தான் சங்கடம்.

1972இல் தார்க்கோவ்ஸ்கி எடுத்த படத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். அதில் தகப்பன் வீடு வருகிறது, கெல்வின் முழந்தாளிடுகிறான், நமக்கும் கண் கலங்குகிறது. லெமுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. என் கட்சியும் லெம்தான். படம் அவனுடைய குற்றவுணர்வுக்கு இடம் கொடுத்து அவளைச் சுருக்கிவிட்டது.

வெருகல் பக்கம், ஆற்றைப் பாதையில் கடந்த காலத்திலிருந்தே எனக்குப் பழக்கமான ஒருவர் இருக்கிறார். 2004 டிசம்பர் 26 கடல் அவர் பெண்சாதியைக் கொண்டுபோனது. பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா. ஆணுக்கு அப்படி ஒரு தவணை இல்லை என்று உறவுக்காரர் ஆறு மாதத்துக்குள் முடித்து வைத்தார்கள். அது மார்க்கத்தில் பிழையில்லை. ஆனால் புதியவள் ஆக்கிய மீன் ஆணத்தில் அவர் பழையவளின் கைருசியைத் தேடினார். வாய் தவறி அந்தப் பெயரிலேயே கூப்பிட்டார். 'சொலாரிஸ்' வாசித்தபோது எனக்கு அவர் ஞாபகம் வரவில்லை. மறு பேச்சில்லாமல் சோறு போட்ட அந்த இரண்டாவது பெண்தான் வந்தா.

கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து வருஷங்கள் கழிந்து, அவர்களுடைய சகோதரி ஹாலா வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்ட ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அந்தக் குரலில் கதீஜா (ரலி) அனுமதி கேட்கும் சாயல் இருந்தது; நபி (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு நெகிழ்ந்தார்கள். மேடைகளில் நாம் அந்த நெகிழ்ச்சியோடு நிறுத்திவிடுகிறோம். அவர்கள் வாயில் வந்த பெயர் 'ஹாலா' என்பதை யாரும் கவனிப்பதில்லை. சாயல் ஒருவருடையது, வாசலில் நிற்பவர் வேறொருவர், பெயர் நிற்பவருடையது. ஹாரிக்குக் கிடைக்காதது அதுதான். இதை அறிவித்தவர் ஆயிஷா (ரலி) அவர்கள். தமக்கு ரோஷம் வந்ததையும் மறைக்காமல் சொல்கிறார்கள். உயிரோடிருக்கும் மனைவியின் குரலையும் அந்த ஹதீஸ் வெட்டி எறியவில்லை.

நாவலில் ஹாரி, கெல்வினுக்குத் தெரியாமல் மற்ற விஞ்ஞானிகளிடம் கேட்டுத் தன்னை அழித்துக்கொள்கிறாள். ஒரு சின்னக் கடிதம் விட்டுப் போகிறாள். அதன் அடியில் ஹாரி என்று எழுதி, பிறகு அந்தப் பெயரை வெட்டியிருக்கிறாள்.