திருவண்டப்பகுதியும் அண்ட விரிவும்

மணிவாசகப் பெருமான் தில்லையில் அருளிச்செய்த திருவண்டப்பகுதியின் தொடக்கத்தே, அண்டங்கள் நூற்றொரு கோடிக்கு மேலாக விரிந்தமை பேசப்படுகின்றது. இதனைக் கொண்டு, இக்கால வானநூலார் கூறும் அண்ட விரிவினை அடிகள் அன்றே கண்டுரைத்தார் என அன்பர் பலர் மேடைகளிலும் சிறு நூல்களிலும் கூறிவருகின்றனர். சேலம், நாமக்கல், திருச்செங்கோடு முதலிய ஊர்களில் நிகழும் திருவாசக முற்றோதல்களிலும் இக்கூற்று இடையிடையே செவிப்படுகின்றது. கூறுவோர் பத்தியிற் சிறந்தோர். அவர்தம் நோக்கமும் தூயதே. ஆயினும் நோக்கத்தின் தூய்மை பொருளின் மெய்ம்மைக்குச் சான்றாகாமையின், அக்கூற்று ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலாவது சொல்லை நோக்குவாம். விரிந்தன என்பதனை அவர் வினைமுற்றாகக் கொண்டு, அவ்வளவில் வாக்கியத்தை முடித்துவிடுகின்றனர். வாக்கியமோ முடியவில்லை. அச்சொல் ஆண்டு விரிந்தனவாகிய அண்டங்கள் எனப் பொருள்பட்டு வினையாலணையும் பெயராய் நிற்கின்றது. இல்லினுள் நுழையும் கதிரிலே மிதக்கும் நுண்டுகள்போல அவ்வண்டங்களெல்லாம் சிறியனவாம்படி பெரியோன் எவனோ, அவனே அத்தொடரின் முடிபு. 182 அடிகளையுடைய அப்பாட்டிற்குச் சிவனது தூல சூக்குமத்தை வியந்தது என முன்னோர் கருத்துரைத்ததும் அதுபற்றியே. அண்டத்தின் பெருமையைக் காட்டுவான் புகுந்தாரல்லர் அடிகள்; அதன் சிறுமையைக் காட்டுவான் புகுந்தார். தூசியை எண்ணிக்கொண்டிருந்து கதிரவனை மறந்தாற்போலும் இவ்வாராய்ச்சி!

இனி, வானநூலார் கூறும் விரிவு வேறு. 1927இல் லெமைத்தரும் 1929இல் ஹபிளும் வெளியிட்டது, விண்மீன் கூட்டங்கள் ஒன்றினின்று ஒன்று அகன்றுகொண்டே செல்கின்றன, தொலைவு மிகுதோறும் அகலும் வேகமும் மிகும் என்பதாம். பரந்து கிடத்தல் என்னும் பொருளும் இடைவிடாது அகலுதல் என்னும் பொருளும் ஒன்றல்ல. எண்ணும் பொருந்துவதன்று. நம் பார்வைக்கு எட்டும் பரப்பிலுள்ள கூட்டங்கள் பதினாயிரங் கோடிக்குக் குறையா என்பர். 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பு இரண்டு இலட்சங் கோடி என்றது. மேலாக என்று சொல்லியிருக்கின்றதே எனின், எவ்வெண்ணையும் அடக்கும் அச்சொல் எவ்வெண்ணிற்கும் சான்றாகாதென்க.

ஒப்புமை காண்டல் எத்தன்மைத்தாதல் வேண்டும் என்பதற்கு நம் நாமக்கற் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டுண்டு. சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் ஊர்களில் அனார்த்தொசைட்டு என்னும் பாறை கிடைக்கின்றது. சந்திரயான் கலத்தின் கால்களையும் ஊர்தியின் உருளைகளையும் இங்கேயே சோதித்தற்குச் சந்திரனது மண்ணையொத்த மண் வேண்டப்பட்டபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியலார் துணையோடு இப்பாறை தேர்ந்தெடுக்கப்பட்டுப் பொடியாக்கப்பட்டது. 1969 முதல் 1972 வரை அப்பொல்லோ பயணங்களிற் கொணர்ந்த 382 கிலோ கல்லும் மண்ணும் முன்னரே ஆராயப்பட்டிருந்தமையின், கனிமங்களின் இயைபு, பொடியின் பருமன், பாரந் தாங்கும் வலி என்பன ஒப்புநோக்கப்பட்டன. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் கலம் நிலவில் இறங்கிற்று. இறங்கிய இடம் சிவசக்தி எனப் பெயர்பெற்றமை சைவர்க்கு உவகை தருவதே. அது பெயரிட்டோர் செய்த சிறப்பாவதன்றிச் சாத்திரத்திற்குக் கிடைத்த சான்றன்று. இத்துணை ஒப்புக் கண்டும், சித்தம்பூண்டிப் பாறை சந்திரனினின்று வந்ததென்று அந்நிலவியலார் கூறிற்றிலர். நம்மவரோ ஒரு சொல் ஒத்த மாத்திரத்தே பொருளும் ஒன்றெனத் துணிகின்றனர்.

இத்துணிவால் விளையுங் கேடு சிறிதன்று. 1948இல் ஹாயில், பாண்டி, கோல்டு என்போர், அண்டத்திற்குத் தோற்றமில்லை, விரிவினிடையே புதுப்பொருள் தோன்றித் தோன்றி அஃது என்றும் ஒருபடித்தாயிருக்கும் என்றொரு கொள்கை நாட்டினர். அந்நாளில் இவ்வன்பர் எழுதியிருப்பின், அநாதி என்னுஞ் சொல்லைக் காட்டி அதனையும் நம் நூல் முன்னரே கூறிற்றென்றிருப்பர். 1965இல் வானெங்கும் நிறைந்த நுண்ணலைக் கதிர்வீச்சு வெளிப்பட்டபின் அக்கொள்கை தளர்ந்தது. திருமுறையை அதனோடு பிணைத்திருந்தால் திருமுறையும் உடன் தளர்ந்ததென்றன்றோ பிறர் நகுவர்? அக்கொள்கையைப் புதுக்கி நெடுங்காலம் வாதிட்ட நர்லீகரும் கருவியாற் கண்ட அளவைகளைக் கொண்டே வாதிட்டார்; பழம்பாட்டின் துணையை வேண்டினாரல்லர்.

மற்றும், 224 புவனங்களும் மேருவும் ஏழு கடலும் நம் நூல்களிற் கூறப்படுகின்றன. இவற்றைப் பற்றி இவ்வன்பர் வாய்திறப்பதில்லை. பொருந்துவதுபோலத் தோன்றும் ஒன்றனைக் காட்டி ஏனையவற்றை மறைத்தல் வழக்கறிஞர் செயலாகலாம், உரைகாரர் செயலாகாது.

அற்றேல் சித்தாந்தத்திற்கு உலகத் தோற்றம்பற்றிச் சொல்லத்தக்கது யாதுமில்லையோ எனின், உண்டு. சிவஞானபோதத்து முதற் சூத்திரம், சுட்டியறியப்படும் உலகம் முத்தொழிலுக்கு உட்படுதலின் அஃது ஒருவனால் தோற்றுவிக்கப்பட்டதென அநுமானத்தால் நிறுவுகின்றது. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதம்பற்றி, உலகம் மாயையினின்று தோன்றி மாயையில் ஒடுங்குமென்பதும், அத்தோற்றம் உயிர்களின் மலநீக்கத்தின் பொருட்டென்பதும் ஆண்டுப் பெறப்படும். இவ்வநுமானம் தொலைநோக்கியை எதிர்பார்ப்பதன்று. உலகம் விரியினும் விரியாதொழியினும் உறுப்புடைத்தாய்ப் பலவகைப்பட்டு மாறுதலின் காரியமே. ஆகாயமும் முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்றாய்த் தோன்றியதென்பதே நம் கொள்கை. வானநூலார் கணித்த 1380 கோடி ஆண்டுகளை ஒரு சிருட்டியின் வயதென்று கொள்ளலாமே என்பாரும் உளர். அவ்வளவு எந்நூலிலும் சொல்லப்படவில்லை. மாயையிலிருந்து உலகம் தோன்றிய முறையைக் கதிரின் நிறம்பற்றி அளந்தறியவும் இயலாது.