ஆளுமையை அளக்கும் கோல்கள்

ஆளுமைக் கோளாறுகளைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் உருவான பன்னாட்டு நேர்காணல் முறை, 11 நாடுகளில் 14 மையங்களில் 716 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. முடிவுகள் 1994இல் வெளியாயின. அம்மையங்களுள் பெங்களூரும் ஒன்று. நேர்காணல் பெயர்க்கப்பட்ட மொழிகளுள் தமிழும் ஒன்று. எனவே இக்கருவி குறித்துத் தாமிரபரணிக் கரையிலிருந்தும் வினா எழுப்ப இடமுண்டு.

இம்முறையின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வோம். ஓர் இயல்பு ஐந்தாண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. வெறும் 'ஆம்' என்னும் விடையோடு நில்லாமல் வாழ்விலிருந்து சான்றும் கேட்கிறது. ஒரே நேர்காணலைக் கேட்ட இரு மருத்துவர்களின் மதிப்பீடுகளும் பெரிதும் ஒத்திருந்தன. எனினும் ஒத்துப்போதல் வேறு, உண்மையாதல் வேறு. இருவரும் கேட்டவை ஒரே விடைகளே அல்லவா?

கருவியை மாற்றினால் நிலை மாறுகிறது. தற்செயல் ஒற்றுமையைக் கழித்தபின் எஞ்சும் உடன்பாட்டைக் கப்பா என்னும் எண் காட்டும். முழு உடன்பாடு 1, தற்செயலுக்கு மேல் ஏதுமின்மை 0. வெவ்வேறு கருவிகள் அதே மனிதர்களை அளந்த ஆய்வுகளைக் கிறிஸ்டோபர் பெர்ரி 1992இல் ஒப்பிட்டபோது கிடைத்த நடுமதிப்பு ஏறத்தாழ 0.25 மட்டுமே.

காரணத்தை விளக்க நாமே ஓர் எடுத்துக்காட்டை அமைப்போம். மேலப்பாளையத்து வணிகர் ஒருவர், 'பிறரை எளிதில் நம்புவதில்லை' என்ற வரிக்கு 'ஆம்' எனக் குறிக்கிறார். வினாப்பட்டியல் அதனைச் சந்தேக இயல்பின் கணக்கில் சேர்த்துவிடும். 'ஏன்?' என்று கேட்பவரிடமோ, கடனுக்குச் சரக்குக் கொடுத்து இழந்த கதையை அவர் சொல்வார். வளைகுடாவிலுள்ள கணவரைக் கேட்டே முடிவெடுக்கும் பேட்டைப் பெண்ணைச் 'சார்ந்து வாழ்பவர்' எனப் பட்டியல் குறிக்கலாம். அவர் குடும்பத்திலோ அது இயல்பான மரியாதை.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. மணவிலக்குப் பிணக்கில் ஜமாஅத்தின் முன்போ நீதிமன்றத்திலோ ஒரு மருத்துவச் சீட்டு நீட்டப்படுமானால், அதிலுள்ள ஒரு சொல் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும்.

2022இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பழைய வகைப்பெயர்களுள் பெரும்பாலானவற்றைக் கைவிட்டுக் கோளாறின் கடுமையையே முதலில் கேட்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் கடுமையை அளக்கவும் ஒரு கோல் வேண்டும். ஆகவே எந்தக் கருவியால், எந்த மொழியில், வேறு யாரையெல்லாம் விசாரித்து இம்முடிவு எட்டப்பட்டது என்று கூறாத சீட்டைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது என்பதே நம் கருத்து.