ஒரு அங்குலக் கண்ணாடி

சாமளாபுரம், சோமனூர் பக்கம் காடா துணி விற்கிறவர் பையில் கையகலச் சாம்பிள் துண்டு இருக்கும். கூடவே மடக்கி வைத்த பிக் கிளாஸ். எனக்குப் பிடித்தது அந்தக் கண்ணாடிதான். விரித்தால் ஒரு அங்குலச் சதுரச் சட்டம், மேலே லென்ஸ். துணிமேல் வைத்து, ஊசிமுனையால் இழைகளைத் தள்ளித் தள்ளி எண்ண வேண்டும்: பாவு இத்தனை, ஊடை இத்தனை. ஊடையில் நாலு இழை குறைந்தால் நூலும் மிச்சம், தறி நேரமும் மிச்சம். அந்த மிச்சம் யாருக்கு என்பதில்தான் பேரமே இருக்கிறது.

கெட்டிக்கார விற்பனையாளர், வாங்குகிறவர் சந்தேகப்படும் முன்பே கண்ணாடியை நீட்டிவிடுவார். "நீங்களே எண்ணிப் பாத்துக்கோங்ணா." விலைப் பேச்சு அதற்கப்புறம்தான்.

திருப்பூர் பின்னலாடைக்குக் கருவி வேறு: 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர். வெட்டிய வட்டம் 1.8 கிராம் இருந்தால் துணி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். அவ்வளவுதான் கணக்கு.

2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற மென்பொருள் நிறுவனங்கள், வாங்குமுன் சில நாள் இலவசமாகப் பயன்படுத்தக் கொடுப்பதும், வாங்குகிறவரையே சோதிக்க விடும் இதே வித்தைதான். ஆனால் பல ஸ்டார்ட்-அப்களில் வெறும் ஸ்லைடைக் காட்டியே ஆர்டர் கேட்கிறார்கள். விற்பனை வேலையில் புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகளே, ஒருமுறை இந்தப் பக்கம் வந்து இழை எண்ணிப் பாருங்கள்.