வேதன உண்டோ?

கேரளத்தின் பீர்மேட்டில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளான லயங்களில் ‘பாலியேட்டிவ்’ என்றால் வீடு தேடி வரும் நர்ஸ் என்று பொருள். பக்கவாதத்தில் விழுந்தவர், புற்றுநோய் முற்றியவர், மூச்சிரைப்போடு கட்டிலில் சாய்ந்தே கிடப்பவர் என்று எல்லோருக்கும் பஞ்சாயத்து வண்டி வருகிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரணப் பணி, அக்கம்பக்கத்தார் தோள்கொடுக்க மாநிலமெங்கும் பரவியது. 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. இந்தியாவில் அதுவே முதல்.

‘இனிச் செய்ய ஒன்றுமில்லை’ என்று இந்த நர்ஸ்கள் கைவிரிப்பதில்லை. புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள், சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார்கள், தேவைப்பட்டவருக்கு மார்ஃபின் கிடைக்க வழிசெய்கிறார்கள். நோய் போகாது. ஆனால் ராத்திரி தூங்கியவர்தான் காலையில் பேத்தியோடு சிரித்துப் பேச முடியும். ‘விதியென்று ஏற்றுக்கொள்’ என்ற ஆறுதலைவிட இது எவ்வளவோ மேல். நர்ஸ் மறுபடி வருவார் என்ற நிச்சயமே பலருக்கு நம்பிக்கையாக இருக்கிறது.

மலையாளம் பேசும் நர்ஸ் தமிழ்த் தொழிலாளர் வீட்டில் வலியைக் கேட்டறியும் இடத்தில் மொழி இடறுகிறது. மலையாளத்தில் ‘வேதன’ உடல்வலியைக் குறிக்கும். தமிழ்க் காதுக்கு வேதனை மனத்தைச் சேர்ந்தது. ‘வேதன உண்டோ?’ என்று நர்ஸ் கேட்டதும் ஒரு பாட்டி மகனின் கடனைச் சொல்ல ஆரம்பித்தால், அதுவும் சரியான பதில்தான். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் நோய்தணிப்பு இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், உடலும் மனமும் உறவும் பணக்கஷ்டமும் பின்னிய முழுவலியைப் பற்றியே பேசினார். கடனுக்கு நர்ஸின் பையில் மருந்தில்லை.

கோழிக்கோடு இருக்கும் மலபாரில் இந்த முறையைத் தாங்கி நிற்பது அக்கம்பக்கம். இங்கே பீர்மேட்டில் அக்கம்பக்கம் பகலெல்லாம் மலைச்சரிவில் கொழுந்து கிள்ளுகிறது; ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. வீட்டுக்கே போய்ச் செய்யும் சிகிச்சை, நோயாளிக்கு ஒரு வீடு உண்டு என்று எடுத்துக்கொள்கிறது. லயமோ கம்பெனியுடையது, வேலை உள்ளவரை கூரை. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டபோது, பணிக்கொடை கைக்கு வராத பலர் ஒழுகும் லயங்களிலேயே தங்கிப்போனார்கள். மூச்சிரைப்புக்காரருக்கு மருந்து வருகிறது. ஆடி மழையில் ஊறிய சுவரும் விறகடுப்புப் புகையும் அப்படியே இருக்கின்றன. வீட்டையும் மருத்துவத்தையும் முதலாளியின் கடமையாக 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. தீராத நோயோடு ஒருவர் சமாதானம் ஆகலாம். ஒழுகும் கூரையோடு சமாதானம் ஆகும்படி அவரைக் கேட்க நமக்கு உரிமையில்லை. நர்ஸ் எழுதும் குறிப்பில் சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் கூரையின் நிலையும் வராத பணிக்கொடையும் ஏற வேண்டும்; அந்தத் தாள் மருத்துவமனையோடு நிற்காமல் தோட்ட ஆய்வாளரின் மேசைக்கும் போக வேண்டும்.