விடுதலை கேட்ட குரல்

இராசகிரியின் மீது மாலை வெயில் சாயும் வேளையில், செஞ்சியில் எங்கள் பங்கைச் சேர்ந்த நால்வர் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவதுண்டு. ஒருவர் சென்னையில் இரயில்வேப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் வளைகுடா நாட்டில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பியவர். மற்ற இருவரும் ஆசிரியர்கள். அவர்களுள் ஒருவன் நான். அரசியலிலும் உணவிலும் ஒத்துப்போகாத எங்களை ஒன்றாக அமரவைத்தது ஒரு குரல். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் இளமையில் கேட்டு, பின்னர் ஒலிநாடாவில் தேய்த்துக் கேட்டு, இன்று கைப்பேசியில் கேட்டுவரும் குரல். பாடுபவர் எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க்.

எங்களுள் ஒருவருடைய மகளின் திருமண வரவேற்பு அண்மையில் நடைபெற்றது. காலையில் மணப்பாட்டுத் திருப்பலி. மாலையில் மண்டபத்தில் விருந்து. எங்கள் அன்பின் அடையாளமாக 'ரிலீஸ் மீ' என்னும் பாட்டை ஒலிக்கச் செய்தோம். மணமகனின் தங்கை, சென்னையில் கல்லூரி மாணவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இந்தப் பாட்டு என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுதான் போட்டீங்களா?" என்று பெண்ணின் தந்தையைக் கேட்டாள். பிறகு அவளே விளக்கினாள். 'உன்மீது எனக்கு அன்பு இல்லை, வேறொருத்தியைக் கண்டுகொண்டேன், என்னை விட்டுவிடு' என்று ஒருவன் தன் துணையிடம் மன்றாடுவதே அந்தப் பாட்டின் பொருள்.

நாங்கள் வாயடைத்து நின்றோம். பெண்ணின் தந்தை மட்டும், "குரல் நல்லா இருக்கேம்மா" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆயினும் அது போதுமா என்ற கேள்வி அன்றுமுதல் என்னை விடவில்லை. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

இந்தப் பாடகர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். அவர் பிறந்தது 1936 மே 2ஆம் நாள், நம் சென்னையில். இயற்பெயர் அர்னால்டு ஜார்ஜ் டார்சி. தந்தை பிரித்தானியப் படையில் பணியாற்றியவர். பத்துப் பிள்ளைகள் கொண்ட குடும்பம். ஏறத்தாழப் பத்து வயதில் பெற்றோருடன் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குச் சென்றார். சாக்சபோன் கற்றார், இரவு விடுதிகளில் பாடினார், 1961இல் காசநோய் தாக்க, மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தார். குணமாகித் திரும்பியபோது அவரை நினைவில் வைத்திருந்தோர் சிலரே. கார்டன் மில்ஸ் என்னும் மேலாளர் 1965இல் ஒரு ஜெர்மானிய இசையமைப்பாளரின் பெயரை எடுத்து இவருக்குச் சூட்டினார். 1967இல் 'ரிலீஸ் மீ' வெளிவந்தது. பீட்டில்ஸ் குழுவின் புகழ் உச்சத்தில் இருந்த காலம் அது. அவர்களது 'பென்னி லேன்' இசைத்தட்டை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்து, ஆறு வாரங்கள் இங்கிலாந்தின் முதற்பாட்டாக இது விளங்கியது. 56 வாரங்கள் இடையறாது விற்பனைப் பட்டியலில் நின்றது. உலகமே மின்கிதாரின் ஓசையில் அதிர்ந்த ஆண்டில், ஒரு தணிந்த குரல் வென்றது எவ்வாறு?

இக்குரலின் மரபை ஆங்கிலத்தில் 'குரூனிங்' என்பர். வாயருகே ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு, ஒருவர் காதில் சொல்வதுபோல் பாடும் முறை அது. இதன் புதுமையை உணரச் செஞ்சி வட்டாரத்துத் தெருக்கூத்தை நினைத்தால் போதும். விடியவிடிய ஆடும் கூத்தன் ஊர்க் கோடிக்கும் கேட்கும்படி தொண்டையைத் திறந்து பாடியாக வேண்டும். ஒலிபெருக்கி பரவாத நாளில் நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவும் அவ்வாறே கடைசி வரிசைக்கும் எட்டப் பாடினார். அந்தக் குரல்கள் ஊருக்குச் சொந்தம். 1925ஆம் ஆண்டளவில் மின்முறை ஒலிப்பதிவு வந்தபின் நிலைமை மாறியது. உரக்கப் பாடாதவனும் ஊரெல்லாம் கேட்கப் பாடலாம். மூச்சின் அசைவும் பாட்டாகலாம் என்றாயிற்று. அமெரிக்காவில் பிங் கிராஸ்பியும் இங்கிலாந்தில் ஆல் பவுலியும் இவ்வழியில் புகழ் பெற்றனர். நம் திரையிசையில் ஏ. எம். ராஜாவும் பி. பி. ஸ்ரீநிவாசும் இந்த இனத்தைச் சேர்ந்தவர்களே. டி. எம். சௌந்தரராசனின் குரலைக் கேட்டு நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். ஸ்ரீநிவாசின் குரலைக் கேட்டுச் சாய்ந்து உட்காருகிறோம்.

சாய்ந்து உட்கார வைக்கும் இந்தக் குரலைத் திருச்சபையினர் சிலர் ஐயத்தோடு நோக்கியதுண்டு. 1932இல் பாஸ்டன் நகரின் கர்தினால் ஓகானல், குரூனர்களின் பாட்டு ஆண்மைக்கு இழுக்கு, ஒழுக்கத்தைக் குலைப்பது என்று கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனத்தை இன்று படித்தால் நமக்குப் புன்னகை தோன்றலாம். ஆயினும் அதில் பொதிந்திருந்த அச்சம் வெறும் பழமைவாதம் அன்று. ஓரேபு மலையில் எலியாவுக்கு ஆண்டவர் சூறைக்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் தோன்றாமல், மெல்லிய ஒலியில் தம்மை உணர்த்தினார் என்று விவிலியம் கூறுகிறது. அதே விவிலியத்தில் ஏதேன் தோட்டத்துப் பாம்பும் கூச்சலிட்டுப் பேசவில்லை; நயமாகவே பேசியது. ஆதலால் மென்மை ஒன்றை மட்டும் வைத்துக் குரலின் தரத்தை அறுதியிட இயலாது. அது என்ன சொல்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இனி அந்தப் பாட்டையே பார்ப்போம். ஹம்பர்டிங்க் அதனை மன்றாட்டுப்போலப் பாடுகிறார். சொற்களை இழைத்து, மெய்யெழுத்துகளின் கூர்மையை மழுக்கி, மூச்சு நிறைந்த குரலில் கேட்கிறார். பின்னணியில் குழுவினர் சேரும்போது தம் முழுக்குரலையும் அவிழ்த்துவிடுகிறார். கேட்போர் நெஞ்சில் எழுவது இரக்கம். யார்மீது இரக்கம்? விட்டுப்போக விரும்புகிறவன்மீது! பாட்டின் வெற்றியும் குற்றமும் இவ்விடத்திலேயே உள்ளன.

குரூனரின் கலை 'உன்னிடம்' பேசும் கலை. கேட்பவர் ஒவ்வொருவரும் அந்த 'உன்' ஆகிவிடுகிறார். ஏனைய காதற் பாட்டுகளில் அது இன்பமான இடம். இப்பாட்டிலோ அது கைவிடப்படுபவளின் இடம். அவளுடைய இருக்கையில்தான் நாம் அமர்ந்திருக்கிறோம். நம்மைத் துறக்க அனுமதி கேட்கும் குரலை, இனிமை என்று ஆண்டாண்டாகக் கேட்டுத் தலையசைத்திருக்கிறோம். அவளுக்கோ இப்பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. அவள் அழுதாளா, சினந்தாளா, 'போ' என்றாளா? தெரியாது. மூன்று நிமிடத்தில் இசை முடிந்துவிடுகிறது.

நம் மரபு இதனை வேறுவிதமாகக் கையாண்டது. சங்க இலக்கியத்தின் மருதத் திணை இதே சிக்கலைப் பாடுவதுதான். பரத்தையிடம் சென்ற தலைவன் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறான். அங்கே அவன் நயமாகப் பேசுவதைவிடத் தலைவியும் தோழியும் பேசுவதே மிகுதி. ஊடுகிறாள், வாயில் மறுக்கிறாள், அவன் பொய்யைச் சுட்டுகிறாள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் புலவர்கள் அவளுக்கு அளித்த வாயை இந்தப் பாட்டு அடைத்துவிட்டது. கலையளவில் இது பெருங்குறை என்பதே என் துணிபு.

அதே ஆண்டில் வெளிவந்த 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' இதைவிடச் சிறந்த பாட்டு. லெஸ் ரீட், பேரி மேசன் ஆகிய இருவரும் இயற்றியது. வால்ட்ஸ் என்பது மூன்று மூன்றாக அடிவைக்கும் நடனம். நம் திசிர நடைக்கு உறவு. நம் ஊஞ்சற் பாட்டின் அசைவு அதில் இருப்பதாலோ என்னவோ, மொழி தெரியாதவரையும் அது ஆட்டிவிடுகிறது. முதற்சந்திப்பில் தொடங்கிப் பிரிவில் முடிகிறது கதை. இங்கும் பிரிவுதான், ஆனால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இழந்தவன் பாடுகிறான். முடிவில் சொற்கள் ஓய்ந்து, வெறும் 'லா லா' என்னும் அசை மட்டும் எஞ்சுகிறது. பேச ஒன்றும் இல்லாதபோது பேசாமலிருக்கும் நேர்மை அதில் உண்டு. அந்த இடத்தில் இலண்டன்காரரும் செஞ்சிக்காரரும் ஒரே நிலையில் நிற்கிறோம். எங்கள் இரயில்வே நண்பர் கண் கலங்குவதும் அங்கேதான்.

புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கை அறிக்கையின் பத்தாம் நூலில் இச்சிக்கலைத் தொட்டிருக்கிறார். கோயிலில் பாடப்பெற்ற இசை தம் இறைப்பற்றை வளர்த்ததை நன்றியோடு நினைக்கிறார். ஆனால் பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை மிகுதியாக அசைக்கும்போது, தாம் தவறிவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். திருப்பாடல்களைக் கேட்டபோதே அவருக்கு அந்த அச்சம் என்றால், பொருள் அறியாமல் கேட்ட நாங்கள் எம்மாத்திரம்? 'குரல் நல்லா இருக்கேம்மா' என்ற எங்கள் நண்பரின் விடையில் அகுஸ்தினாரின் தடுமாற்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குரலை இரசிப்பது குற்றம் அன்று. குரலோடு நின்றுவிடுவதே குற்றம்.

பாட்டை மதிப்பிடும்போது பாடகரின் வாழ்க்கையை இழுக்கலாகாது என்பது திறனாய்வு நெறி. அதனை மதித்தே மேலே எழுதினேன். ஆயினும் இரசிகரின் நெஞ்சு அந்நெறிக்குள் அடங்குவதில்லை. அன்று மாலைக்குப்பின் நாங்கள் திண்ணையில் பேசியது அவருடைய மணவாழ்வைப் பற்றியே.

அவர் 1964இல் பட்ரீசியா என்பவரை மணந்தார். பிள்ளைகள் நால்வர். புகழின் நாள்களில் தாம் மனைவிக்கு உண்மையாக இருக்கவில்லை என்பதை அவரே மறைக்கவில்லை. ஆகவே அவரைப் புனிதராக்க நான் முற்படவில்லை. அந்த அம்மையார் அவரை விட்டு விலகவில்லை. இதனைக் காட்டி, பொறுத்துக்கொண்டிருப்பதே பெண்ணின் கடமை என்று எவரேனும் பாடம் நடத்தினால் அது அநீதி. அவர் என்ன துயருற்றார் என்பது அவருக்கும் ஆண்டவருக்குமே தெரியும். பிற்காலத்தில் அவரை அல்சைமர் என்னும் மறதிநோய் பற்றியது. பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த அந்த நோயில் கணவர் உடனிருந்தார். 2012இல், தம் 76ஆம் வயதில், ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் இங்கிலாந்துக்காகப் பாடி, 26 நாடுகளுள் 25ஆம் இடம் பெற்றபோதும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை. வீட்டில் நோயுற்றிருந்தவரைக் கைவிடவுமில்லை. 2021 பிப்ரவரியில் கொரோனாத் தொற்றும் சேர்ந்துகொள்ள, பட்ரீசியா இறந்தார். குடும்பத்தார் செபித்து, லூர்து நகர்ப் புனித நீரால் அவரை ஆசீர்வதித்ததாகக் கணவரே அறிவித்தார். வில்லியனூர் லூர்து அன்னையிடம் ஆண்டுதோறும் சென்றுவரும் எங்களுக்கு அச்செய்தி நெஞ்சைத் தொட்டது.

விடுதலை கேட்ட பாட்டு பட்டியலில் நின்றது 56 வாரம். விடுதலை பெறாத மணவாழ்வு நின்றது 56 ஆண்டு. பாட்டில் வாய் திறவாத அந்தப் பெண்ணின் மறுமொழியை இந்த ஆண்டுகளில் கேட்பதாக எங்கள் இரயில்வே நண்பர் சொன்னார். திறனாய்வாளன் என்ற முறையில் அதை நான் ஏற்கக் கூடாது. கிறித்தவன் என்ற முறையில் மறுக்கவும் இயலவில்லை.

தமிழில் 'வீடு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, நாம் குடியிருக்கும் இல்லம். மற்றொன்று, விடுதலை, அறம், பொருள், இன்பம் என்பவற்றுக்குப்பின் நான்காவதாக எண்ணப்படும் பேறு. 'விடு' என்னும் வேரிலிருந்தே 'வீடு' பிறந்தது என்பர். அந்தப் பாட்டின் தலைவன் வீட்டிலிருந்து விடுதலை கேட்கிறான். வீடே விடுதலையாகலாம் என்பதை நம் மொழி எப்போதோ அறிந்திருக்கிறது. மணப்பாட்டு அருள்சாதனமும் வேறு எதைச் சொல்கிறது?

இப்போதும் திண்ணையில் கூடுகிறோம். 'ரிலீஸ் மீ' இப்போதும் ஒலிக்கிறது. ஆனால் திருமண மண்டபங்களில் ஒலிப்பதில்லை. குரலின் அழகு சிறிதும் குறையவில்லை. மன்றாடுபவனைப் பற்றி முன்னர் உருகினோம். இன்று எங்கள் நினைவெல்லாம் எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் அவளைப் பற்றியே. அண்மையில் ஒருநாள் பாட்டு முடிந்ததும், பெண்ணைக் கட்டிக்கொடுத்த நண்பர் மெல்ல எழுந்தார். "வீட்ல தனியா இருப்பா" என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் போனார்.