நாடாவின் சாய்வு

பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரைப் பழுதுபார்ப்பது என்றால் நின்றுபோனதை ஓட வைப்பது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஓட வைப்பது இதில் பாதிகூட இல்லை. ஓடுகிற எந்திரத்தை, அதில் இப்போது ஏறியிருக்கும் நாடாவுக்கு இணங்கவைப்பதில்தான் கைத்திறன் தெரியும். சுவிட்சர்லாந்தில் வில்லி ஸ்டூடரின் நிறுவனம் 1967-ல் வெளியிட்ட ரிவாக்ஸ் ஏ77-ஐப் பாருங்கள். வீட்டில் கேட்பவர்களுக்காகச் செய்தது. ஆனாலும் மூன்று மோட்டார், மூன்று ஹெட். நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு மோட்டாரின் அச்சேதான், நடுவில் பெல்ட் கிடையாது. மோட்டார் விளிம்பில் வெட்டிய பற்கள் ஒரு சிறு காந்தச் சுருளைக் கடந்துபோகும். வேகம் இம்மி பிசகினாலும் சர்வோ சுற்று அதைக் கண்டுகொண்டு திருத்தும். உள்ளே திருகித் திருகிச் சரிசெய்ய வரிசையாக ட்ரிம்மர்கள். எந்த அமைப்பும் அப்படியே நிலைக்காது என்று தெரிந்தவர்கள் வடிவமைத்த எந்திரம் அது.

இப்படித் திருகிச் செய்யும் திருத்தங்களில் என்னை அதிகம் வியக்கவைப்பது, நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டின் சாய்வைத் திருத்துவது; தொழிலில் இருப்பவர்கள் அசிமத் என்பார்கள். ஹெட்டில் உள்ள மிக நுண்ணிய இடைவெளி, நாடா ஓடும் திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். நாடா விநாடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடும்போது, 15,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் நீளம் சுமார் 12.7 மைக்ரான். நாடாவின் கால் அங்குல அகலம் முழுவதையும் ஒரே தடமாகப் படிக்கும் மோனோ ஹெட், ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத அளவு சாய்ந்தால் போதும்: நாடாவின் ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட ஓர் அலை பின்தங்கிவிடும், மேலும் கீழும் ஒன்றையொன்று அழித்து அந்த ஒலியே காணாமல் போகும். காதுக்கு அது கோளாறாகத் தெரியாது. பாடகியின் மூச்சு, வயலின் வில்லின் உரசல், ஸகர ஒலியின் கூர்மை எல்லாம் மங்க, ‘பழைய பதிவு இப்படித்தான் இருக்கும்’ என்று கேட்பவர் சமாதானம் அடைந்துவிடுவார். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. அன்று பதிவு செய்த எந்திரமே சற்றுச் சாய்ந்திருந்தால்? எந்திரத்தைச் சரிபார்க்கவென்றே பதிந்த அளவுநாடாவை வைத்து ‘சரியாக’ நிறுத்திய ஹெட், அந்த ஒரு நாடாவுக்குத் தவறாகிவிடும். ஆகவே தேர்ந்த கை முதலில் அளவுநாடாவில் நிறுத்தும். பிறகு பழைய நாடாவை ஏற்றி, இரு சேனல்களையும் மோனோவாக இணைத்துக் கேட்டபடி, திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தும். தம்பூராவின் குதிரையில் ஜீவாளி நூலை நகர்த்திக்கொண்டே வர, ஓர் இடத்தில் நாதம் சட்டென்று விரிவதைப் போல, உச்ச ஒலிகள் ஓரிடத்தில் திறந்துகொள்ளும். அன்றைய எந்திரத்தின் பிழையோடு இன்றைய எந்திரமும் சாய்ந்து நிற்கும் இடம் அது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாசா தன் வழிகாட்டி நூலில் இதை நாடாவுக்கு நாடா செய்யச் சொல்கிறது.

பழசு என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிப் புதிது போட்டுவிடலாமே என்பார்கள். சில பாகங்களுக்கு அது சரி. ஏ77-ல் உள்ள ரிஃபா கப்பாசிட்டர்கள் உலோகம் பூசிய காகிதத்தை ரெசினில் அடைத்துச் செய்தவை. காலப்போக்கில் ரெசின் வெடித்து ஈரம் புகும். ஒருநாள் மின்சாரம் கொடுத்ததும் புகை கிளம்பும். பிளக்கைச் செருகும் முன்பே அவற்றை மாற்றிவிட வேண்டும், அதில் விவாதமே இல்லை. ஆனால் பிலிம் கப்பாசிட்டர்கள் பல, ஐம்பது ஆண்டு கழித்தும் மதிப்பு மாறாமல் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது சால்டரிங் சூட்டில் பழைய பலகையின் செம்புத் தடம் பெயர்கிறது. நன்றாக இருந்த இடத்தில் புதிதாக ஒரு பழுது பிறக்கிறது. அளந்து, கெட்டது என்று தெரிந்ததை மட்டும் மாற்றுகிறவரைத்தான் நான் கலைஞர் என்பேன். வேலையின் வரிசையிலும் அதே நிதானம் உண்டு. ஹெட்டைத் துடைத்து, அதில் தங்கிய காந்தத்தை நீக்கி, ஒலிக்கும் பக்கத்தை முதலில் சீராக்குவார்கள். பதியும் பக்கமும், பதியும்போது ஒலியோடு சேர்க்கும், நாடாவின் ரகத்துக்கு ரகம் மாறும் பயாஸ் அதிர்வின் அளவும் அதன் பிறகே. பதிவு நன்றாக இருக்கிறதா என்பதை ஒலிக்கும் ஹெட்தானே சொல்ல வேண்டும்.

கணினி வந்த பிறகு இவ்வளவு பாடு எதற்கு, எப்படியோ ஒருமுறை இலக்கமாக்கிவிட்டு மென்பொருளில் திருத்திக்கொள்ளலாமே என்ற கேள்வி இன்னும் வலுவானது. இரைச்சலையும் சொடுக்கு ஒலிகளையும் மென்பொருள் குறைக்கும், உண்மை. ஆனால் ஹெட்டின் சாய்வில் அழிந்த ஒலி கோப்புக்குள் வந்து சேரவே இல்லை. உச்ச ஒலியை ஏற்றினால் ஏறுவது இரைச்சல்தான். நாடாவின் வேக நடுக்கத்தைத் திருத்தும் பிளான்ஜென்ட் என்ற முறையை எடுத்துக்கொண்டால், பதிவின்போது நாடாவில் ஒட்டிக்கொண்ட, காதுக்கு எட்டாத பயாஸ் அதிர்வின் எச்சமே அதற்குக் கடிகாரம். அந்த எச்சத்தைப் பிடிக்க, சாதாரண வேலைக்கு வேண்டியதைவிடக் கூர்மையான ஹெட் வேண்டும்.

ஒருமுறை போதும் என்பதை ஏற்றுக்கொண்டாலும், அந்த ஒருமுறை பிசகக் கூடாது. ஆம்பெக்ஸ் 456 போன்ற நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப் போகிறது. சுமார் 50 பாகை செல்சியஸ் மிதச்சூட்டில் மணிக்கணக்காக வைத்து உலர்த்தினால் சில வாரங்களுக்கு அவை ஒழுங்காக ஓடும், பிறகு மீண்டும் ஒட்டும். (அசிடேட் நாடாவுக்கு இந்தச் சூடு ஆகாது.) அந்தச் சில வாரங்களில் எந்திரம் தயாராக நிற்க வேண்டும். தேய்ந்து பள்ளம் விழுந்த ஹெட்டை நுண்ணிய உரசலால் மறுபடி உருவாக்கலாம், ஆனால் ஒவ்வோர் உரசலிலும் அதன் ஆயுள் கரையும். அதைச் செய்யத் தெரிந்தவர்களும் குறைவு. 2019-ல் யுனெஸ்கோவும் ஐயாசாவும் சேர்ந்து, 2025-ஐ ஒட்டி நாடாக்களை ஒலிக்கவைப்பதே அரிதாகிவிடும் என்று எச்சரித்தபோது, முன்வைத்த முக்கியக் காரணம் ஒலிக்கவைக்கும் எந்திரங்கள் வழக்கொழிந்து வருவது. ஆகவே காப்பகங்கள் சேமிப்பு வட்டுகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது உதிரி ஹெட், நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் பிஞ்ச் ரோலர், அளவுநாடா ஆகியவற்றுக்கும், இந்த வேலை தெரிந்தவரின் பக்கத்தில் ஓர் இளைஞரை உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கவும் ஒதுக்க வேண்டும்.